பழைய சட்டைப்பை மணிக்கூடும் அதன் வழுவும்

நம்முட் பலருடைய இல்லங்களில், அலுமாரியின் மூலையிலோ பெட்டகத்தின் அடியிலோ, பாட்டனார் காலத்துச் சட்டைப்பை மணிக்கூடொன்று துணியிற் சுற்றப்பட்டுக் கிடத்தல் கூடும். அதனைக் கண்டெடுத்து முறுக்கிப் பார்ப்போர் கேட்கும் முதல் வினா, "இஃது ஓடுமா?" என்பது. ஓடத் தொடங்கியதும் எழும் இரண்டாம் வினா, "இது சரியான மணி காட்டுமா?" என்பது. முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவதற்கோ, 'சரி' என்னுஞ் சொல்லாற் கேட்பவர் எதனைக் கருதுகின்றார் என்பதை அறியாமல் விடைகூறல் இயலாது. இவ்வினாவுக்குத் தவறான விடை கொண்டமையால் நல்ல மணிக்கூடுகள் பல வெள்ளி விலைக்கும் பித்தளை விலைக்கும் விற்கப்பட்டன. வேறு பல, 'சரிப்படுத்துகிறோம்' என்று நாள்தோறும் திறந்து நோண்டியவர் கையிற் பட்டுக் கெட்டன. ஆதலின் இதனைச் சிறிது விரித்து நோக்குதல் பயனுடைத்து.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உள. மணிக்கூட்டின் உள்ளே இடமும் வலமுமாகச் சுழன்று திரும்புஞ் சில்லினைத் திருத்துநர் 'பலன்ஸ் சில்லு' என்பர். பழைய சட்டைப்பை மணிக்கூடுகளுட் பெரும்பாலானவற்றில் இச்சில்லு செக்கனுக்கு ஐந்து முறையாக, மணிக்கு 18,000 முறை அடிக்கும்; ஒரு நாளில் 432,000 அடிகள். நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தும் மணிக்கூட்டை நாம் 'உதவாதது' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு நிமிடமென்பது ஒரு நாளின் 1,440இல் ஒரு பங்கேயாம். ஒரு யார் துணியை அளக்குங் கடைக்காரர் அதே விகிதத்திற் பிழைவிட்டால், அப்பிழை ஓரங்குலத்தின் நாற்பதில் ஒரு பங்காகும். அதற்காக அவரோடு வழக்காடுவார் உளரோ? நூற்றுக்கொன்று பிழைவிடும் அளவுகோலை நாம் நல்ல அளவுகோல் என்போம். நூற்றுக்கொன்று பிழைவிடும் மணிக்கூடோ ஒரே நாளில் 14 நிமிடமும் 24 செக்கனுந் தவறும்.

மணிக்கூட்டினிடம் மட்டும் இத்துணைக் கடுமை காட்டுவதற்குக் காரணமில்லாமலில்லை. அளவுகோல் ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கத் தொடங்குகிறது. மணிக்கூடோ நேற்றைய பிழையை இன்றைய பிழையோடு கூட்டிக்கொண்டு செல்கிறது. இதனாற்றான் மணிக்கூட்டைப் பற்றிப் பேசுமிடத்து இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று வழு, மற்றது நாள்வீதம். இக்கணத்தில் மணிக்கூடு காட்டும் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்குமுள்ள வேறுபாடு வழு. ஒரு நாளுக்குள் அது எத்தனை செக்கன் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது நாள்வீதம்.

இரண்டு மணிக்கூடுகளை எடுத்துக்கொள்வோம். ஞாயிறன்று இரண்டும் சரியாக வைக்கப்பட்டன. முதலாவது அடுத்த ஏழு நாள்களில் முறையே 12, 13, 12, 11, 12, 13, 12 செக்கன் முந்தியது. கிழமை முடிவில் அதன் வழு 85 செக்கன். இரண்டாவது முதல் நாள் 40 செக்கன் முந்தியது; மறுநாள் 35 பிந்தியது; பின் 25 முந்தியது; 45 பிந்தியது; 30 முந்தியது; 20 பிந்தியது; இறுதி நாளில் 5 முந்தியது. கூட்டிப் பார்ப்பின் வழு பூச்சியம்! அடுத்த ஞாயிறன்று இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்ப்பவர் இரண்டாவதைப் புகழ்ந்து முதலாவதைப் பழிப்பர். உண்மையில் முதலாவதே உயர்ந்த மணிக்கூடு. அது நாளைக்கும் ஏறத்தாழ 12 செக்கன் முந்தும் என்று நாம் துணிந்து கூறலாம். வேகத்தைத் திருத்தும் சிறு முள்ளைச் சற்றே நகர்த்தினால் அவ்வளவுங் குறைந்துவிடும். இரண்டாவது நாளை என்ன செய்யும் என்பதை எவருங் கூறமுடியாது. எந்த முள்ளை நகர்த்தியும் அதனைத் திருத்துதல் இயலாது. மாறாத நாள்வீதமே மணிக்கூட்டின் செம்மை. சிறிய நாள்வீதம் அதற்கு அடுத்தபடியான நலமேயாம்.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தவர்கள் கடலோடிகள். பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. ஆகவே தொடங்கிய துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலிற் கொண்டுசெல்லக் கூடுமானால், அதனையும் கப்பல் நிற்குமிடத்து நேரத்தையும் ஒப்பிட்டு நெடுங்கோட்டை அறியலாம். கொண்டுசென்ற நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால், புவிமத்தியகோட்டருகில் 15 கடல்மைல் தவறும். பாறைகள் நிறைந்த கரையை இரவில் நெருங்குங் கப்பலுக்கு இஃது உயிரும் மரணமுமான கணக்கு. 1714ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தமை பலரும் அறிந்ததே. தச்சுத்தொழிலராகத் தொடங்கிய யோன் ஹரிசன் 1759இல் முடித்த நான்காவது கருவி, பதின்மூன்று சதமமீற்றர் விட்டமுடைய ஒரு பெரிய சட்டைப்பை மணிக்கூட்டின் தோற்றமுடையது. அது 1761இல் யமேக்காவை நோக்கிச் சென்றது. 81 நாள்களின் பின், நாள்வீதத்துக்குரிய திருத்தஞ் செய்து பார்க்கையில் ஏறத்தாழ ஐந்து செக்கனே பிந்தியிருந்தது. 'நாள்வீதத்துக்குரிய திருத்தஞ் செய்து' என்னுஞ் சொற்களைக் கவனிக்க. அந்த வீதத்தைப் பற்றியே பின்னர் வாதங்கள் எழுந்தன. கப்பற்குறோனோமீற்றரை மாலுமிகள் கடற்பயணத்தில் நாள்தோறுந் திருப்பி வைப்பதில்லை. வீதத்தைப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கணக்கிற் கழித்துக்கொள்வர். முட்களைத் தொடுதல் கருவியின் வரலாற்றை அழிப்பதாகும் என்பது அவர்கள் கருத்து.

கடலில் மாலுமி கணக்குப் போட்டுக்கொள்வான். தரையில் ஓடும் புகையிரதத்தின் சாரதிக்கு அதற்கு நேரமில்லை. 1891ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக் கிப்ற்றன் என்னும் ஊரில் ஓர் அஞ்சல் வண்டியும் ஒரு பயணிகள் வண்டியும் நேருக்குநேர் மோதின. அஞ்சல் வண்டிக்கு வழிவிடும்பொருட்டுப் பயணிகள் வண்டி பக்கப்பாதைக்கு விலகியிருத்தல் வேண்டும். அவ்வண்டிச் சாரதியின் மணிக்கூடு நான்கு நிமிடம் நின்றுவிட்டுப் பின் தானே ஓடத் தொடங்கியதென்றும், அதனை அவர் அறியாமையாற் காலந்தாழ்த்தினாரென்றுங் கூறப்படுகிறது. வண்டியினுள் அஞ்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் பலர் மாண்டனர். இதன்பின் அப்புகையிரதக் கம்பனியார் கிளீவ்லாந்து நகரத்து நகைவணிகரான வெப் போல் என்பவரைத் தம் மணிக்கூடுகளைக் கண்காணிக்கும்படி நியமித்தனர்.

1893ஆம் ஆண்டளவிலும் அதன் பின்னரும் உருப்பெற்ற விதிகள் நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானவை. புகையிரத ஊழியரின் மணிக்கூடு கிழமைக்கு 30 செக்கனுக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. அதாவது நாளொன்றுக்கு நான்கு செக்கனுக்குச் சற்று மேல். பதினேழு கற்களேனும் இருத்தல் வேண்டும். ஐந்து நிலைகளிலும், பாரன்ஹீற் 34 முதல் 100 பாகை வரையுள்ள வெப்பத்திலும் சோதித்துச் செப்பஞ் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றோடு, வெள்ளை முகப்பிற் கரிய பெரிய எண்களும் கரிய முட்களும் இருத்தல் வேண்டும் என்றும், முட்களை மாற்றுவதற்கு முகப்பின் மூடியைக் கழற்றி ஒரு சிறு நெம்பை இழுத்தாலன்றி இயலாதிருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். சாவி கொடுக்கும் முடியைத் தவறுதலாக இழுத்துத் திருப்பிவிட்டால் நேரம் மாறிவிடுமன்றோ? மனிதனுடைய கண்ணும் விரலும் விடும் பிழைகளையும் கருவியின் பிழையோடு சேர்த்து எண்ணிய அறிவுடைமை இவ்விதிகளில் விளங்குகின்றது. வோல்தம், எல்ஜின், ஹமில்ற்றன் முதலிய அமெரிக்கத் தொழிற்சாலைகள் இவ்விதிக்கேற்ற மணிக்கூடுகளை ஆயிரக்கணக்காகச் செய்தன.

இனி நாள்வீதம் ஏன் மாறுகிறது என்பதைக் காண்போம். பலன்ஸ் சில்லை மீட்டுத் திருப்புவது மயிரிழை போன்ற ஓர் உருக்குச் சுருள்வில். வெப்பமேறினால் உருக்கின் மீள்சத்தி குறையும், வில் தளரும், மணிக்கூடு பிந்தும். வெறும் பித்தளைச் சில்லும் உருக்கு வில்லுமுடைய கருவி, 60 பாரன்ஹீற் பாகை வெப்பமேறினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறரை நிமிடம் பிந்தும். இதனை ஈடுசெய்யவே, உள்ளே உருக்கும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, விளிம்பை இரண்டிடத்தில் வெட்டிய சில்லினைச் செய்தனர். வெப்பத்தில் அவ்விளிம்பு உள்நோக்கி வளைந்து, சில்லின் ஆட்டத்தை விரைவாக்கி, வில்லின் தளர்ச்சியை ஈடுசெய்யும். பிற்காலத்திற் சுவிற்சலாந்து நாட்டினரான கியோம் என்னும் அறிஞர் வெப்பத்தால் மாறாத நிக்கல் உருக்குக் கலவைகளைக் கண்டு, 1920இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். மணிக்கூட்டு வில்லுக்காக ஆராய்ந்த ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தமை மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் நம் நாட்டுத் தாழ்நிலங்களில் வாழ்வோருக்கு வெப்பம் பெரிய பகைவனன்று. ஓஹாயோவிற் பனிக்காலத்துக் குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடைப்பட்ட தூரம் எங்கே, நம் இரவுக்கும் பகலுக்கும் உள்ள சில பாகை வேறுபாடு எங்கே? நமக்குப் பகை, கடற்காற்றின் ஈரமும் உப்பும், உடலின் வியர்வையுமாம். உருக்கு வில்லிற் பொட்டளவு துருப்பிடித்தாலும் நாள்வீதம் நிலைகெடும்.

வெப்பத்தினும் நுட்பமானது நிலை வேறுபாடு. மணிக்கூடு மேசைமேற் படுத்திருக்கும்போது பலன்ஸ் சில்லின் அச்சு, தன் நுனியில் நின்று சுழல்கிறது, உராய்வு சிறிது. சட்டைப்பையில் நிமிர்ந்திருக்கும்போது அச்சின் பக்கம் கல்லிற் படிகிறது; உராய்வு மிகுதி; ஆட்டத்தின் வீச்சம் குறையும். மேலும், சில்லின் ஒரு பக்கம் கடுகின் நூறிலொரு பங்கு கனத்தாலும், நிமிர்ந்த நிலையிற் புவியீர்ப்பு அதனைப் பற்றிக்கொள்ளும். படுத்த நிலையிற் செம்மையாக ஓடும் மணிக்கூடு, முடி மேனோக்கி நிற்கையில் அரை நிமிடம் பிந்துவதும், முடி இடப்பக்கம் சாய்கையில் முந்துவதும் இதனாலேயே. 'ஐந்து நிலைகளிற் செப்பஞ் செய்தது' என்று பொறித்த மணிக்கூட்டின் விலை ஏன் மிகுந்திருந்தது என்பது இப்போது விளங்கும். அது பொன்னின் விலையன்று. தொழிலாளியொருவன் அச்சில்லின் திருகுகளை மாற்றி மாற்றிச் சோதித்த நாள்களின் விலை. இங்கிலாந்திற் கியூ அவதானநிலையத்தில் 1884 முதல் நடந்த சோதனையில் ஒரு மணிக்கூட்டை 45 நாள் வைத்துப் பார்த்தனர். நூறு புள்ளிகளுள் நாள்வீதம் மாறாமைக்கு 40, நிலைமாற்றத்தைத் தாங்குவதற்கு 40, வெப்பமாற்றத்துக்கு 20 எனப் பகுத்தனர். வழு சிறிதாயிருத்தற்கென்று ஒரு புள்ளிதானும் இல்லை.

கற்களைப் பற்றியும் ஒரு சொல். அவை அணிக்காக வைத்தவையல்ல. அச்சு தேயாதிருக்க வைத்தவை. ஏழு கல்லென்றால் அவை யாவும் பலன்ஸ் சில்லைச் சுற்றியுள்ளவை. பதினைந்தென்றால் மற்றைச் சில்லுகளுக்கும் உண்டு. கல் மிகுதியானால் மணி செம்மையாகும் என்று விற்பவர் கூறுவர்; கல் மிகுந்தால் தேய்வு குறையும் என்பதே முறை.

ஆகவே எந்த மணிக்கூட்டினிடம் எதனை எதிர்பார்க்கலாம்? 1675இல் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்தர் சுருள்வில்லை வெளியிடுமுன் இருந்தவை நிமிட முள்ளே இல்லாதவை. சூரியமணி பார்த்து நாள்தோறும் திருத்தப்பட்டவை. அவற்றை நூதனசாலையிற் கண்டு மகிழ்வதே போதும். சுருள்வில்லும் பழைய 'வேர்ஜ்' முறைப் பொறியும் உடையவை, நன்கு பேணப்பட்டிருப்பினும், நாளுக்கு ஐந்து நிமிடம் தவறினால் நாம் குறைகூறலாகாது. பத்து நிமிடமும் வியப்பன்று. 'சிலிந்தர்' பொறியுடைய மெல்லிய சுவிசு மணிக்கூடுகளுக்கு இரண்டு மூன்று நிமிடம். 1867இல் ரொஸ்கோப் என்பவர் தொழிலாளருக்கென வெளியிட்ட மலிவான வகைக்கும், 1896 முதல் அமெரிக்காவில் ஒரு டொலருக்கு விற்ற இங்கர்சோல் வகைக்கும் அவ்வளவே. அவை அன்று காலை வேலைக்குச் செல்வோனுக்குப் போதுமானவையாயிருந்தன. இன்றும் அதற்கு மேல் அவற்றை வருத்துதல் அறமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவிய நெம்புகோற் பொறி பெரும்பாலும் நம் இல்லங்களிற் கிடக்கும் நல்ல மணிக்கூடுகளில் உள்ளது. இதனை ஏறத்தாழ 1755இல் அமைத்தவர் தோமஸ் மட்ஜ் என்னும் ஆங்கிலேயர். ஏழு முதல் பதினைந்து கல் வரையுள்ள இத்தகைய மணிக்கூடு, சுத்தஞ்செய்து புதிய எண்ணெயிட்டபின், நாளுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் நின்றால் நாம் மகிழ்தல் வேண்டும். புகையிரத விதிக்கமைந்தவை இன்றும் ஐந்து முதல் பத்துச் செக்கனுக்குள் நிற்கும். மிக நல்லவை தம் பழைய விதியாகிய கிழமைக்கு 30 செக்கனையே காத்து நிற்றலும் உண்டு. ஆனால் 'ஐந்து நிலை' என்று பொறித்திருப்பதனால் மட்டும் அதனை உரிமையோடு கேட்டல் இயலாது. அப்பொறிப்பு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளுக்குரியது. அதன்பின் நூறாண்டில் அச்சு ஒடிந்து மாற்றப்பட்டிருக்கலாம். வில்லினை ஒருவர் வளைத்திருக்கலாம். திருகொன்று போய் வேறொன்று வந்திருக்கலாம்.

இன்று சந்தையிற் சில நூறு ரூபாவுக்கு விற்கும் குவாட்ஸ் மணிக்கூடு, செக்கனுக்கு 32,768 முறை அதிரும் படிகத்தால் இயங்கி, மாதத்துக்குப் பதினைந்து செக்கனளவே தவறுகிறது. இதனோடு பாட்டனார் மணிக்கூட்டை ஒப்பிட்டுத் தாழ்த்துவோர், மாட்டுவண்டியை விமானத்தோடு ஓட்டப்பந்தயத்துக்கு விடுவோரை ஒப்பர். செக்கனுக்கு ஐந்தே முறை அடித்து, சட்டைப்பையிற் குலுங்கிக்கொண்டு, ஒரு நாளில் பத்துச் செக்கனுக்குள் நிற்பதன் அருமை அவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கே தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. நாள்தோறும் ஒரே நேரத்தில், காலையில், முழுவதும் முறுக்குக. காலையில் என்று கூறுவதற்குக் காரணமுண்டு: பகலின் குலுக்கலைத் தாங்கும்போது வில் நிறைந்த வலியோடு இருத்தல் நன்று. செக்கன் முள் 60இல் நிற்கும்போது நிமிட முள் ஒரு கோட்டின்மேற் சரியாக நிற்கும்படி முதலில் வைத்துக்கொள்க. இன்றேல் அரை நிமிடப் பிழையை நீங்களே உண்டாக்குவீர்கள். பின் ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு தாளில் எழுதுக. வானொலியின் மணியொலியைக் கொள்வோர், அஃது இணையத்தின் வழியாக வரின் பல செக்கன் தாழ்த்தே வரும் என்பதை மறவாதிருக்க. பத்து நாள் வரை வேகத்தைத் திருத்தும் முள்ளைத் தொடாதிருத்தல் வேண்டும். இதுவே பலருக்குக் கடினமான பகுதி.

பத்து நாளின் எண்களைப் பார்த்தால் நோய் தெரியும். நாள்வீதம் ஒரே அளவாயிருந்தால், சிறு முள்ளை மயிரளவு நகர்த்தி மீண்டும் பத்து நாள் பார்க்க. வீதம் முன்பின்னாக அலைந்தால் எண்ணெய் உலர்ந்துள்ளது அல்லது அழுக்கேறியுள்ளது. முள்ளை நகர்த்துவதாற் பயனில்லை. திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால், வில்லின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டியுள்ளனவோ என ஐயுறுக. ஒலிபெருக்கியும் காந்த மூடியுடைய தொலைபேசியுறையும் இக்காலத்தில் இதற்குக் காரணமாகும். இதனை நீக்குதல் திருத்துநருக்குச் சில நிமிட வேலை. உலர்ந்த எண்ணெயோடு ஓடவிடுதலோ அச்சினைத் தேய்த்துவிடும். அடிக்கடி பயன்படுத்துவோர் ஐந்து ஆண்டுக்கொருமுறையேனும் சுத்தஞ் செய்வித்தல் வேண்டும்.

சிறு முள்ளையும் தொடாமற் செம்மை பெறும் வழியொன்று பழையோர் கையாண்டனர். பகலிற் பதினாறு மணிநேரம் சட்டைப்பையில் நிமிர்ந்திருக்கையில் ஒரு மணிக்கூடு ஆறு செக்கன் பிந்துகிறது என்க. இரவில் எட்டு மணிநேரம் முகப்பு மேனோக்கி மேசையிற் கிடக்கையில் ஐந்து செக்கன் முந்துமானால், நாளின் வழு ஒரு செக்கனேயாம். இரவிற் சுவரில் ஆணியிலே தொங்கவிட்டால் மேலும் மூன்று செக்கன் பிந்தி, நாளுக்கு ஒன்பதாகும். ஆகவே இரவில் எந்த நிலையில் எத்துணை முந்துகிறது என்பதைத் தனித்தனியே மூன்று நான்கு இரவுகள் குறித்துவைத்து, பகலின் பிழையை எது ஈடுசெய்கிறதோ அந்நிலையில் நாள்தோறும் வைக்க. மணிக்கூட்டைத் திருத்துநரிடம் கொடுக்க நேரும்போது அத்தாளையும் உடன் கொடுக்க. எந்த நிலையிற் பிழை மிகுதியோ அங்கிருந்தே அவர் சில்லினைச் சோதிக்கத் தொடங்குவார்.